தோப்புக்குள் ரிசப்ஷன்

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகும் சாலையை ஒட்டிய ஒரு மைதானத்தில், நாளை மாலை யார் வீட்டுக்கோ ரிசப்ஷன். இன்று பந்தல் ஏறிக்கொண்டிருந்தது. ஏறும்போதே பார்த்துவிட வேண்டும் என்று அண்ணனையும் அண்ணியையும் கிளப்பிக் கூட்டி வந்தது நான்தான். சாட்டின் துணி சுற்றி, சரவிளக்கைத் தொங்கவிட்ட பிறகு எல்லாப் பந்தலும் லட்சணமாகத்தான் இருக்கும். எலும்பும் நரம்பும் தெரிய வேண்டுமென்றால் முதல் நாளே போக வேண்டும்.

அண்ணன் மகளுக்கு வைகாசி நடுவில் முகூர்த்தம். அதற்கு டவுனில் மண்டபம் பேசியாகிவிட்டது. முதல் நாள் மாலை ரிசப்ஷன் மட்டும் ஆனைமலைப் பக்கம் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பில் நடக்க வேண்டும் என்று பெண் ஒற்றைக் காலில் நிற்கிறாள். பெங்களூரில் தோழி ஒருத்தியின் ரிசப்ஷனைத் திறந்தவெளியில் பார்த்து வந்ததிலிருந்து அவளுக்கு மண்டபம் என்றாலே கசக்கிறது. அழைப்பு 1,200 பேருக்கு. அண்ணி இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை. அண்ணன் மட்டும் தெளிவாக இருந்தார்.

"மண்டபத்துல ஏசி இருக்குது, லிஃப்ட் இருக்குது, ஜெனரேட்டர் இருக்குது. தோப்புல என்னம்மிணி இருக்குது? தேங்காதான் இருக்குது."

மைதானத்தில் நின்றது, எங்கள் பக்கம் ஜெர்மன் பந்தல் என்று எல்லோரும் சொல்லும் அலுமினியக் கூடாரம். 20 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம். உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. ஐந்து மீட்டருக்கு ஒரு சட்டமாகப் பதினொரு சட்டங்கள். தரையில் படுக்கவைத்து போல்ட் முடுக்கி, ஹைட்ரா கிரேனால் தூக்கி நிறுத்துகிறார்கள். கூரைத் துணியைப் போர்த்துவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. சட்டத்தின் ஓரத்தில் நீளமாக ஒரு காடி ஓடுகிறது. துணியின் தடித்த விளிம்பை அதில் செருகி, எதிர்ப்பக்கம் கயிறு கட்டி நாலு பேர் இழுக்க, வெள்ளைத் துணி முகடு ஏறி மறுபக்கம் இறங்குகிறது. சுருக்கம் ஒன்று இல்லாமல் விறைத்து நின்றது. சாமியானாவிலிருந்து இது மாறுபடும் இடம் அந்த விறைப்புதான். தட்டையாகக் கட்டிய சாமியானாவில் 10 அடிக்கு 10 அடித் துணியில் சராசரியாக ஒரு அங்குலத் தண்ணீர் தேங்கினால் போதும், 230 கிலோவுக்கு மேல் தலைக்கு மேலே தொங்கும். கோடை மழைக்கு ஒரு அங்குலம் பெரிய விஷயமில்லை. இந்தக் கூரையில் தண்ணீர் நிற்க இடமில்லை, வழிந்து ஓடிவிடும். மழையைப் பொறுத்தவரை எனக்கு அங்கேயே மனம் சமாதானமாகிவிட்டது.

காற்றுதான் பாக்கி.

பந்தல்காரர் நாற்பது வயதுக்காரர், பேச்சில் பதமானவர். "காத்தடிச்சா என்னங்க ஆகும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாதுங்க்கா. எம்பது கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும். கம்பெனியே எழுதிக் குடுத்திருக்குது."

எழுதிக் கொடுத்திருப்பார்கள்தான். இந்தக் கூடாரங்களுக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்வது மணிக்கு 80லிருந்து 100 கி.மீ. அது சட்டத்தின் பலம். சட்டத்தைத் தரையோடு பிடித்துவைத்திருப்பது எது என்று குனிந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் கீழே ஓர் இரும்புத் தகடு, தகட்டில் துளைகள், துளைகள் வழியாகச் சம்மட்டியால் அடித்து இறக்கிய மீட்டர் நீள இரும்பு முளைகள். கோடையில் காய்ந்து கிடந்த செம்மண் என்பதால் முளை இறங்கவே சிரமப்பட்டது, இறங்கியபின் அசையவில்லை.

மணிக்கு 60 கி.மீ. காற்று செங்குத்துச் சுவரில் மோதினால் சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிலோ அழுத்தும். பந்தலின் நீளப் பக்கம் 50 மீட்டர், பக்கத் திரை 4 மீட்டர் உயரம். பக்கத் திரையை மூடிவைத்திருந்தால் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் மூன்றரை டன் வரும். 80 கி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 30 கிலோ, மொத்தம் 6 டன். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. போதாக்குறைக்குக் காற்று கூரையை மேலே தூக்கவும் பார்க்கும். இவ்வளவையும் தாங்குவது அந்த முளைகளும், முதல் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும் குறுக்காக இழுத்துக் கட்டும் இரும்பு வடங்களும்தான். கடைசிக் கட்டத்தில் வடம் இருந்தது. முதல் கட்டத்தில் ஒரு பக்கம் காணவில்லை.

"அந்தப் பக்கம் என்ட்ரன்ஸ் ஆர்ச்சு வருதுங்க்கா. வயரு குறுக்கால நின்னா டெக்கரேஷன்காரங்க சத்தம் போடுவாங்க" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குறித்துக்கொண்டேன்.

பொள்ளாச்சிக்காரர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு விழுந்த பாலக்காட்டு இடைவெளி வழியாக மேற்கிலிருந்து வரும் மேகாத்து இங்கே காற்றாலைகளையே ஓட்டுகிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்குவதாகக் கணக்கில் வைத்திருக்கும் நாள் ஜூன் 1. அதாவது வைகாசி 18 வாக்கில். அதற்கு முன்னால் என்றால் கோடை இடிமழை. மாலை நாலு மணிக்கு மேல் திடீரென்று கறுத்து, மழைக்கு முன்னால் ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுப் போகும். எங்கள் முகூர்த்தத் தேதி இரண்டுக்கும் நடுவில் சரியாக மாட்டிக்கொண்டிருந்தது. தை, மாசியாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. பனி விழும், பெரியவர்களுக்கு ஒரு சால்வை கொடுத்தால் முடிந்தது.

காற்றை விட்டு நெருப்புக்கு வந்தேன். துணி தீப்பிடிக்காதது என்று பந்தல்காரர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் ஒரு துண்டை எடுத்து லைட்டரைக் காட்டினார். கருகியது, புகைந்தது, லைட்டரை எடுத்ததும் அணைந்தது. தீத்தடுப்புச் சான்று பெற்ற பிவிசி துணி அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். அப்புறம் நான் ஓரமாகக் குவிந்து கிடந்த சாட்டின் துணியில் ஒரு கிழிசலைக் காட்டினேன். அவருக்கு விருப்பமில்லை. ஆனாலும் கொளுத்தினார். குப்பென்று பிடித்து, உருகி, எரியும் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. கூரைக்குக் கீழே அழகுக்காக முழு நீளத்துக்கும் கட்டப்போவது அந்தத் துணியைத்தான். அதன் ஊடாகத்தான் சரவிளக்குக்கு ஒயர் போகும்.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். 1995 டிசம்பரில் ஹரியானாவின் டப்வாலியில் பள்ளி விழாவுக்குப் போட்ட செயற்கைத் துணிப் பந்தலில் 400 பேருக்கு மேல், பெரும்பாலும் குழந்தைகள். முதலாவதற்குப் பிறகு நம் ஊரில் கீற்றை விட்டுவிட்டோம். இரண்டாவதில் எரிந்தது கீற்று அல்ல என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. தற்காலிகப் பந்தல்களின் தீப் பாதுகாப்புக்கென்றே ஐ.எஸ். 8758 என்று ஓர் இந்தியத் தர நெறிமுறை இருக்கிறது. கூரை 3 மீட்டருக்குத் தாழக் கூடாது, மின்கம்பிக்குக் கீழே போடக் கூடாது, உலை, துணை மின்நிலையம் போன்றவற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. மேடைக்குப் பின்னால் ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். எல்.இ.டி. திரை வைத்து அடைத்திருந்தார்கள்.

"மேடைக்குப் பின்னால வழி விட்டுத்தான் ஆகணும். சீலிங் துணி வேண்டாம், வெள்ளைக் கூரையே போதும்" என்றேன்.

"அப்பறம் மாட்டுக் கொட்டாயாட்டத் தெரியுமுங்க்கா" என்று பந்தல்காரர் வருத்தப்பட்டார். தெரியட்டும்.

அங்கிருந்து பந்தல்காரரையும் கூட்டிக்கொண்டு தோப்புக்கு. மெயின் ரோட்டிலிருந்து இட்டேரிக்குள் திரும்பும்போதே அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். இரு பக்கமும் வேலி, நடுவில் ஒரு லாரி போகும் அகலம். எதிரே இன்னொரு வண்டி வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். பந்தல் லாரி, ஜெனரேட்டர் வண்டி, சமையல் சாமான், மாப்பிள்ளை வீட்டு பஸ், 300 கார் எல்லாம் இதற்குள்தான். அவசரத்துக்கு ஒரு ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ வர வேண்டுமென்றால் அதுவும் இதற்குள்தான். அண்ணன் ஒன்றும் பேசாமல் மறுபடி ஏறிக்கொண்டார்.

தோப்புக்குள் பெண் வீடியோ காலில் சேர்ந்துகொண்டாள். "அத்தை, அந்த நடு வரிசையைக் காட்டுங்க. அங்க ஸ்டேஜ், மரத்துக்கு மரம் லைட்டு, கீழ டேபிள்." படமாகப் பார்த்தால் அவள் சொல்வது நியாயம்தான். சாய்ந்த வெயிலில் எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் எங்கள் தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி. 20 மீட்டர் என்பது 65 அடிக்கு மேல். கூடாரத்தை நடு வரிசையில் இறக்க வேண்டுமானால் காய்க்கிற மரங்களை வெட்ட வேண்டும். அண்ணன் காதில் இது விழாமல் பார்த்துக்கொண்டேன். கூடாரமே வேண்டாம், மரத்தடியில் நாற்காலி போடலாம் என்றால், தேங்காய். முதல் வாரமே ஆள் ஏற்றி நெற்றும் காய்ந்த மட்டையும் முழுக்க இறக்கிவிடலாம்தான். இறக்கினாலும் காற்றடிக்கிற நாளில் தென்னை மரத்தடியில் ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார என்னால் முடியாது.

தரையும் ஒத்துழைக்கவில்லை. பாசனம் நடக்கும் மண், கால் வைத்தால் அமுங்குகிறது. இதில் அடித்த முளை ஈரத்தோடு ஈரமாக மேலே வந்துவிடும். அதற்கடியில் சொட்டுநீர் பைப் எங்கெங்கே ஓடுகிறது என்பது தோட்டத்து ஆளுக்கு மட்டுமே தெரியும். பந்தல்காரர் குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு, "இங்க ஆகாதுங்க. இட்டேரியோரம் இருக்கற மேட்டாங்காட்டுல போட்டுக்கலாம்" என்றார்.

மேட்டாங்காடு இரண்டு ஏக்கர், செம்மண், உழாமல் கிடக்கிறது. பந்தலுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. குறுகிய பக்கம் மேற்கே பார்க்கும்படி வைத்தால் காற்று முழு நீளத்தில் மோதாது. சமையல் கொட்டகையை மட்டும் போர்வெல்லுக்குப் பக்கத்தில், அதாவது மேற்கே போடலாம் என்றார். மேகாத்து அடிக்கும்போது மேற்கே அடுப்பு என்றால் புகையும் பொறியும் நேராகப் பந்தலுக்குத்தான் வரும். கிழக்கே போட்டு, பைப்பை இழுத்துக்கொள்ளுங்கள் என்றோம். சமையல்காரருக்குத் தண்ணீர் தூரமாகிவிடும். அவர் சம்பளத்தில் அதைச் சேர்த்துக்கொள்வார்.

கரண்ட் விஷயத்தில் அண்ணனுக்கு ஒரு யோசனை. தோப்பில் மோட்டார் இணைப்பு இருக்கிறதே, இலவச மின்சாரம். விவசாய இணைப்பிலிருந்து கல்யாணத்துக்கு விளக்கெரித்தால் அது சட்டப்படி முறைகேடு, அபராதம் வரும். தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அல்லது முழுக்க ஜெனரேட்டர், அதுவும் ஒன்று பழுதானால் மாற்ற இன்னொன்று. கழிப்பறைக்கு மொபைல் டாய்லெட் வண்டிகள். பட்டுப்புடவையோடு நாலு படி ஏறி ஒரு தகரப் பெட்டிக்குள் நுழைய எழுபது வயதுப் பெரியம்மாவால் முடியுமா என்பதை எந்த அலங்காரக்காரரும் யோசிப்பதில்லை. அவருக்குத் தோப்பு வீட்டுக் கழிப்பறை. மைக் செட் பத்து மணிக்கு நிறுத்த வேண்டும், அது எங்கேயானாலும் அப்படித்தான். முதல் மழை பெய்த மாலையாக இருந்தால் ஈசல். அத்தனை விளக்குக்கும் படையெடுத்து வந்து பாயசத்தில் விழும். அதற்கு மருந்து இல்லை, பந்தியில் விளக்கை மஞ்சளாக மாற்றிக் கொஞ்சம் தணிக்கலாம், அவ்வளவே.

வரப்பில் உட்கார்ந்து அண்ணன் கணக்குப் போட்டார். கூடாரம், தரைப் பலகை, கார்பெட், கூலர், ஜெனரேட்டர் இரண்டு, டாய்லெட் வண்டி, தண்ணீர் லாரி, வழிக்கு விளக்கு, வண்டி நிறுத்த ஆள், சேற்றில் சிக்கும் காரை இழுக்க ஒரு டிராக்டர், மறுநாள் குப்பை. இதெல்லாம் மண்டபத்தில் வாடகைக்குள்ளேயே அடங்கியவை. அங்கே யாரோ வருடம் முழுவதும் பார்த்துக்கொள்கிறார்கள். இங்கே நாம் மண்டபத்தையே கட்டி, ஒரு மாலை மட்டும் நடத்தி, பிரித்தும் கொடுக்க வேண்டும். அதோடு டவுன் மண்டபத்துக்கு முதல் நாள் மதியத்திலிருந்தே வாடகை. அந்த மாலை அது பூட்டிக் கிடக்கும்.

"பூட்டிக் கிடக்கட்டும் அப்பா. மழை வந்தா அங்க மாத்திக்கலாம்" என்றது போன்.

நல்ல யோசனை போலத்தான் தோன்றும். மாற்றுவதானால் காலை பத்து மணிக்குள் முடிவெடுக்க வேண்டும். அடுப்பு மூட்டுமுன், பூ கட்டுமுன், வெளியூர்க்காரர்கள் கிளம்புமுன். காற்றோ நாலு மணிக்கு மேல்தான் முடிவெடுக்கும்.

என் சங்கடம் பணத்தில் இல்லை. கோவைப் பகுதியில் நிரந்தரக் கட்டடங்களை வடிவமைக்க எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். மணிக்கு 140 கி.மீ. கூடாரத்துக்கு 80, கூடிப்போனால் 100. மண்டபத்தில் புயலடித்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்போம். பந்தலில் காற்று மீறினால் எல்லோரையும் வெளியே அனுப்ப வேண்டும். 60 கி.மீ. தாண்டினால் காலி செய்ய வேண்டும் என்று ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து, மேடையில் மணமக்கள் நிற்கும்போதே அவர் மைக்கை வாங்கிச் சொல்லவும் வேண்டும். சரி, சொல்கிறார். கூட்டம் எங்கே போகும்? தோப்புக்குள்ளா, அந்தக் காற்றில்? 300 காரும் ஒரே இட்டேரியிலா?

இதைப் பந்தல்காரரிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, தோப்பு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் காய் குடோனைக் காட்டினார். "அதுக்குள்ள எத்தன பேரு நிக்கலாமுங்க?"

தேங்காய் குவித்திருந்தாலும் 300 பேர் நிற்கலாம். கான்கிரீட் கூரை. அதன் முன்னால் கொப்பரை காயவைக்கும் சிமெண்ட் களம், நாலு பக்கமும் மரங்கள் விலகி நிற்க, 10 மீட்டர் அகலக் கூடாரம் தாராளமாகப் பிடிக்கும். சேறு கிடையாது. சிமெண்டில் முளை அடிக்க முடியாது. காலுக்குக் கால் கான்கிரீட் கட்டையோ ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியோ வைத்துப் பிடித்துக் கட்ட வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு டன். அங்கிருந்து தோப்பின் நடு வரிசை நேராகத் தெரிகிறது. மரத்துக்கு மரம் விளக்கு கட்டினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம், தலையில் காய் விழாது.

பந்தலுக்குள் எத்தனை நாற்காலி பிடிக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது, பந்தல் இல்லாமல் போனால் எத்தனை பேரை உடனே உள்ளே சேர்க்க முடியும் என்பதை. எங்கள் தோப்புக்கு விடை 300. 1,200 பேர் ரிசப்ஷன் டவுன் மண்டபத்திலேயே நடக்கட்டும், அந்த மாலைக்கும் சேர்த்துத்தானே வாடகை கொடுக்கிறோம். முகூர்த்தம் முடிந்த மறுநாள் நெருங்கினவர்களுக்கு மட்டும் களத்தில் இன்னொன்று வைக்கலாம் என்று சொன்னேன்.

"அப்ப அதுக்குப் பேரு ரிசப்ஷன் இல்ல அத்தை. விருந்து" என்றாள். கோபம்தான். கொஞ்ச நேரம் கழித்து, "களத்துல டான்ஸ் ஆடலாமா?" என்று கேட்டாள். சிமெண்ட் தரைதான், ஆடலாம் என்றேன். பத்து மணி வரைக்கும்.

அண்ணன் பந்தல்காரரிடம் சின்னக் கூடாரத்துக்கு விலை பேச ஆரம்பித்தார். அவர் முகம் சுருங்கியது. "சின்னதுன்னாலும் லாரி வாடகை அதேதானுங்களே. ஆளுக்கூலி அதேதானுங்களே. அதுக்கு மேல கட்டைக்குத் தனி லாரி வேணுமுங்க." பாதிக்கு மேல் குறையாது என்று தெரிந்தது. அட்வான்ஸ் கொடுக்குமுன் எழுதி வாங்க வேண்டியதை மட்டும் சொன்னேன்: நாலு மூலையிலும் வடம், கட்டையின் எடை, துணியின் தீத்தடுப்புச் சான்று, விருந்து முடியும்வரை அவருடைய ஆட்கள் நாலு பேர் இடத்திலேயே இருப்பது. வடத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவர் சிரித்தார்.

திரும்பும்போது அண்ணி நோட்டை எடுத்து 300 பேரின் பெயரை எழுதத் தொடங்கினார். அம்பராம்பாளையம் தாண்டுவதற்குள் அவருடைய பிறந்த வீட்டுப் பக்கம் மட்டும் 140 ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை என்று அண்ணன் கேட்டார். "அத அவிங்ககிட்ட நீங்க கேளுங்க" என்றார் அண்ணி.